ஏற்காடு இறக்கத்தில் கியர் நழுவுவது ஏன்?

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது உறுதியாக நிற்கும் இரண்டாம் கியர், ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது மட்டும் நியூட்ரலுக்குத் துள்ளுவது ஏன்? வீட்டில் கட்டிய ஸ்போர்ட்ஸ் காரென்றால் உடனே கியர்பாக்ஸைப் பிரிக்கத் தோன்றும். அவசரம் வேண்டாம், கோளாறு வரும் திசையே நல்ல சாட்சி. ஏற்றத்தில் எஞ்சின் சக்கரத்தைச் சுழற்றுகிறது, இறக்கத்தில் சக்கரம் எஞ்சினைச் சுழற்றுகிறது. அப்போது பற்களின் மறுபக்கம் சுமை தாங்குகிறது. சாய்வுப் பற்கள் தண்டின் நீளவாக்கில் தரும் தள்ளலும் எதிர்த்திசைக்கு மாறுகிறது. எஞ்சினும் ரப்பர் மவுண்டில் மறுபுறம் சாய்ந்து கியர் ராடை இழுக்கலாம். வேறொரு வண்டியின் கியர்பாக்ஸுக்குக் கையால் வளைத்துப் பொருத்திய ராடில்தான் என் முதல் சந்தேகம். கியரைப் போட்டபின் ராடைக் கழற்றி, பெட்டியிலுள்ள லீவரைக் கையால் தள்ளிப் பாருங்கள். இன்னும் உள்ளே போனால் கியர் பாதியில்தான் நின்றிருக்கிறது, குறை வெளியே.

சின்க்ரோ தேய்ந்திருக்கலாமே என்பார்கள். அதன் வேலை கியர் மாற்றும் கணத்தோடு முடிகிறது. அது தேய்ந்தால் மாற்றும்போதுதான் கரகரக்கும். மவுண்டும் ராடும் சரியாக இருந்தும் துள்ளினால், பிடிப்புப் பற்களோ நிறுத்தக் குண்டின் ஸ்பிரிங்கோ தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம், அப்போது பிரிக்கலாம். கியரைக் கையால் அழுத்திக்கொண்டே இறங்கலாமே என்பது ஆபத்தான யோசனை. 800 கிலோ கார் 1,000 மீட்டர் இறங்கினால் சுமார் 78 லட்சம் ஜூல் ஆற்றல் வெளியேற வேண்டும். கியர் நழுவினால் அதில் பெரும்பகுதி பிரேக்கில் வெப்பமாகிவிடும்.