முதியோர் இல்லத்துக்கு ஆன்டிபயாடிக் வாங்கி அனுப்பப் போறீங்களா? ஒரு நிமிஷம்!

“அம்மாவுக்கு யூரின் கலங்கலா போகுது. போன தடவை டாக்டர் கொடுத்த மாத்திரையையே ஒரு அட்டை வாங்கி அனுப்பிடுங்க.”

முதியோர் இல்லத்திலிருந்து இப்படி ஒரு போன் வந்தால், நம்மில் பலர் நேராக மெடிக்கல் ஷாப்புக்குத்தான் போவோம். பழைய மருந்துச்சீட்டின் போட்டோ கையில் இருக்கிறதே! ஆனால், கொஞ்சம் பொறுங்கள். அந்த மாத்திரை அம்மாவுக்கு இப்போது தேவையே இல்லாமல் இருக்கலாம். நிஜமாகவே தேவைப்படும் நாளில் அது வேலை செய்யாமலும் போகலாம்.

குடலுக்குள் என்ன நடக்கிறது?

நம் குடலில் கோடானுகோடி பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. பெரும்பாலானவை நமக்கு நல்லதே செய்கின்றன. நார்ச்சத்தைச் செரிக்க உதவுவது, வைட்டமின் கே தயாரிப்பது, கெட்ட கிருமிகள் இடம் பிடிக்காமல் தடுப்பது எல்லாம் அவற்றின் வேலை.

ஆன்டிபயாடிக் நோய்க்கிருமியை மட்டும் தேடிப் போய் அழிப்பதில்லை. நல்ல பாக்டீரியாக்களும் சேர்ந்தே அழிகின்றன. மருந்துக்குச் சாகாத கிருமிகள் தப்பித்து, காலியான இடத்தில் பெருகுகின்றன. அந்த எதிர்ப்புத் திறனுக்கான மரபணுவை மற்ற பாக்டீரியாக்களுக்கும் கடத்திவிடுகின்றன.

இந்தக் கிருமி குடலில் இருக்கும்வரை பெரும்பாலும் எந்தத் தொந்தரவும் தெரியாது. அதுவே சிறுநீர்ப் பாதைக்கோ ரத்தத்துக்கோ போய்விட்டால், நோய் வழக்கமான மருந்துக்குக் கேட்காது. 2019-ல் மட்டும் உலகம் முழுவதும் சுமார் 12.7 லட்சம் பேர் இப்படி மருந்துக்குக் கட்டுப்படாத பாக்டீரியா தொற்றுகளால் இறந்ததாக மதிப்பிடப்பட்டுள்ளது.

இல்லங்களில் ஏன் கூடுதல் கவனம்?

முதியோர் இல்லத்தில் பலருக்கு ஒரே கழிப்பறை. ஒரே பராமரிப்பாளர்தான் பலருக்கும் டயப்பர் மாற்றுவார். சிலருக்குச் சிறுநீர்க் குழாய் பொருத்தியிருக்கும். ஆஸ்பத்திரிக்குப் போய் வருவதும் அடிக்கடி நடக்கும். அதனால் ஒருவர் குடலில் இருக்கும் கிருமி பக்கத்துக் கட்டிலுக்குப் போக அதிக நாள் ஆகாது.

ஆன்டிபயாடிக் சாப்பிட்ட பிறகு சிலருக்குக் கடும் வயிற்றுப்போக்கு வரும். ‘கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில்’ என்ற பாக்டீரியா இதற்கு ஒரு காரணம். 65 வயதைத் தாண்டியவர்களுக்கு இதனால் ஆபத்து அதிகம். இதன் வித்துகள் சானிடைசருக்குச் சாகாது. சோப்பு போட்டுத் தண்ணீரில் கை கழுவுவதுதான் வழி.

கலங்கல் என்றாலே தொற்றா?

இல்லை. தண்ணீர் குறைவாகக் குடித்தாலும் சிறுநீர் நிறம் மாறும், வாடை அடிக்கும். நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்களில் வாழும் பெண்களில் 25 முதல் 50 சதவீதம் பேருக்கு, எந்த அறிகுறியும் இல்லாமலேயே சிறுநீரில் பாக்டீரியா இருப்பதாக வெளிநாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. அறிகுறி இல்லாதபோது இதற்குப் பொதுவாக ஆன்டிபயாடிக் தேவையில்லை.

ஆனால் காய்ச்சல், குளிர் நடுக்கம், சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், அடிவயிற்று வலி, திடீர்க் குழப்பம் ஆகியவற்றில் எது இருந்தாலும் தாமதிக்காமல் டாக்டரிடம் காட்ட வேண்டும். மூச்சுத்திணறல், மயக்கம் என்றால் உடனே 108-ஐ அழையுங்கள்.

டாக்டரிடம் கேட்க வேண்டிய 3 கேள்விகள்

1. இது பாக்டீரியா தொற்றுதானா? வைரஸால் வரும் சளி, காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் பயன்படாது.
2. கல்ச்சர் பரிசோதனை தேவையா? தேவையென்றால், முடிந்தவரை முதல் மாத்திரைக்கு முன்பே சாம்பிள் கொடுக்க வேண்டும்.
3. எத்தனை நாள் சாப்பிட வேண்டும்? நாமாகப் பாதியில் நிறுத்தக் கூடாது, நாமாக நீட்டிக்கவும் கூடாது. மீந்த மாத்திரையை அடுத்தவருக்குக் கொடுக்கவே கூடாது.

உங்கள் போனில் ஒரு ஆல்பம்

அம்மா, அப்பாவின் மருந்துச்சீட்டுகள், கல்ச்சர் ரிப்போர்ட்டுகளைத் தேதியோடு போட்டோ எடுத்து ஒரே ஆல்பத்தில் வையுங்கள். மருந்து வாங்க அல்ல, டாக்டரிடம் காட்ட! முன்பு எந்த மருந்து கொடுத்தார்கள், எது கேட்கவில்லை என்பது அவருக்கு உடனே தெரியும்.

மாத்திரை அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால், டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாது என்று அர்த்தம். 2014 மார்ச் முதல் நடைமுறையில் உள்ள ‘எச்1’ பட்டியலில் இருக்கும் ஆன்டிபயாடிக்குகளை விற்கும்போது, டாக்டர் பெயரையும் நோயாளி பெயரையும் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி, 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். கடைக்காரர் சீட்டு கேட்டால் கோபப்படாதீர்கள்.

மருத்துவ ஆலோசனைக்கு 104-ஐ அழைக்கலாம். இ-சஞ்சீவனி மூலம் வீடியோவில் டாக்டரிடம் பேசலாம். முதியோர் நலன் தொடர்பான உதவிக்கு 14567.

அடுத்த முறை இல்லத்திலிருந்து போன் வந்தால், மாத்திரை பெயரைக் கேட்கும் முன், “அம்மாவுக்குக் காய்ச்சல் இருக்கா, எரிச்சல் இருக்கா, டாக்டர் பார்த்தாரா?” என்று கேளுங்கள்.