எரிமலைப் பள்ளத்தாக்கில் ஓர் ஆற்றோர நடை

மலையேறுதற்கும் பள்ளத்தாக்கில் நடத்தற்கும் இடையே பெரியதொரு வேற்றுமை உண்டு. மலையேறுவோன் உடல் வலி நிறைந்த காலையில் மேலே செல்கின்றான். களைத்தபின் இறங்கி வருகின்றான். பள்ளத்தாக்கினுட் செல்வோனுக்கு இம்முறை தலைகீழாகின்றது. இறக்கம் முதலில் வருகின்றது. ஏற்றமோ களைப்பும் வெயிலும் மிகுந்த இறுதி வேளைக்குக் காத்திருக்கின்றது. எளியது என்று பெயர் பெற்ற ஆற்றோரப் பாதைகளிற் சென்றோர் இடர்ப்படுவதற்கு இதுவே முதற் காரணம் எனலாம். நிலத்தின் அமைப்பை முன்னரே அறிந்து திட்டமிடுவோர்க்கு இவ்விடர் இல்லை. இதனை விளக்க அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடமேற்கிலே, ஒறிகன் மாநிலத்திலுள்ள சிமித் பாறைப் பூங்கா தக்க எடுத்துக்காட்டாகும்.

அம்மாநிலத்தின் நடுப்பகுதியில், றெட்மண்ட் நகருக்கு வடக்கே இப்பூங்கா அமைந்துள்ளது. 1960 ஆம் ஆண்டில் இது மாநிலப் பூங்காவாயிற்று. பசிபிக் சமுத்திரத்திலிருந்து வரும் ஈரக்காற்றைக் கஸ்கேட் மலைத்தொடர் மறித்துவிடுவதால், மழை மறைவிலுள்ள இந்நிலத்தில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை ஏறக்குறைய 9 அங்குலமே. யூனிப்பர் மரங்களும் சாம்பல் நிறப் புதர்களுமே எங்கும் காணப்படும். இவ்வறண்ட நிலத்தை ஊடறுத்துக்கொண்டு குறூக்கெட் ஆறு ஓடுகின்றது. அப்பெயருக்கு 'வளைந்த ஆறு' என்பது பொருள். பூங்காவினுள்ளே நெடிய பாறை முகடொன்றை அது சுற்றி வளைந்து செல்வதைக் காண்போர் பெயரின் பொருத்தத்தை ஒப்புக்கொள்வர்.

ஆற்றின் இரு கரைகளும் எரிமலையால் ஆனவை. எனினும் ஒரே எரிமலையால் ஆனவை அல்ல. ஏறக்குறைய 2 கோடியே 95 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னர், இப்பகுதியிலே பெரும் வெடிப்பொன்று நிகழ்ந்து, நிலத்தடியிலிருந்த பாறைக்குழம்பு வெளியேறிற்று. தாங்குதற்கு ஒன்றுமின்றிப் போன மேல்நிலம் இடிந்து தாழ்ந்தது. அவ்வாறு தோன்றிய எரிமலைப் பெருவாய் ஏறத்தாழ 25 மைல் நீளமும் 17 மைல் அகலமும் உடையது. சாம்பலும் நுரைக்கல்லும் கற்றுணுக்குகளும் அதனுள்ளே திரண்டு படிந்து, இறுகி, மஞ்சளும் செம்மையும் கலந்த சாம்பற்பாறையாயின. இன்று வானளாவ நிற்கும் முகடு அப்பழைய குழியை நிரப்பிய பொருளே என்பது வியப்புக்குரியது. சுற்றியிருந்தவை தேய்ந்து போக, உள்ளே இறுகியது எஞ்சி நின்றது. இவ்வளவு பெரிய பெருவாய் இங்கு உண்டென்பதை நிலவியலார் தெளிந்தது 2000 ஆம் ஆண்டிற்குப் பின்னரேயாகும். அத்துணை அகன்றதைத் தரையில் நிற்பவன் கண் ஒருங்கே காண்பது எங்ஙனம்?

மற்றைக் கரையின் வரலாறு மிக அண்மைக்காலத்தது. தெற்கே 40 மைலுக்கு மேற்பட்ட தொலைவிலுள்ள நியூபெறி எரிமலையிலிருந்து, ஏறக்குறைய 4 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னர், நீர்போல் இளகிய குழம்பு வடக்கு நோக்கிப் பரந்து வந்தது. ஆற்றின் பழைய பள்ளத்தை அது நிரப்பி, ஆறிக் கரிய பசால்ற்றுப் பாறையாயிற்று. வழியிழந்த ஆறு சாம்பற்பாறையின் ஓரத்துக்குத் தள்ளப்பட்டு, இரு பாறைகளும் பொருந்துமிடத்திலே தனக்கொரு புது வழியை அறுத்துக்கொண்டது. ஆகவே பள்ளத்தாக்கின் அடியில் நிற்பவன் ஒருபுறம் கரிய சுவரையும் மறுபுறம் பொன்னிறச் சுவரையும் காண்கின்றான். அவற்றிடையே உள்ள காலவேறுபாடு 2 கோடியே 90 இலட்சம் ஆண்டுகளுக்கு மேற்பட்டது.

நடைக்கான திட்டமும் இவ்வமைப்பிலிருந்தே பிறக்கின்றது. வண்டிகள் நிறுத்தும் இடம் பசால்ற்றுத் தளத்தின் மேலுள்ளது. அங்கிருந்து ஏறக்குறைய 200 அடி இறங்கி, நடைப்பாலத்தால் ஆற்றைக் கடத்தல் வேண்டும். பாலத்துக்கு அப்பால் இடப்புறம் திரும்பினால், ஆற்றின் போக்கை ஒட்டிச் சமதளமாய்ச் செல்லும் பாதை உண்டு. அது முகட்டின் முனையைச் சுற்றி மேற்குப் பக்கத்தை அடைகின்றது. அங்கே குரங்குமுகம் என்னும் 350 அடி உயரத் தூண் நிற்கின்றது. அதன் அடிவாரம் வரை போய் மீள்வதற்கு ஏறத்தாழ 5 மைல் நடை போதும். முதியோரும் சிறுவரும் இதனை மெல்ல நடந்து முடித்தல் கூடும்.

ஆயின், வந்த வழியே திரும்புதல் சலிப்புத் தருமென எண்ணி, முகட்டின் மேலேறிக் குறுக்கே கடந்து பாலத்தை அடைய விரும்புவோர் பலர். அவ்வழிக்குத் 'துன்ப முகடு' என்னும் பொருளுடைய பெயரே வழங்குகின்றது. பாலத்திலிருந்து அளந்தால், ஒரு மைலுக்கும் குறைந்த தூரத்தில் அது ஏறக்குறைய 600 அடி உயர்கின்றது. அதனைக் கடந்தவர்க்கும் இறுதியிலுள்ள 200 அடி ஏற்றம் குறைந்துவிடுவதில்லை. எளிய நடைக்கென வந்தோர் அம்முகட்டை நிமிர்ந்து பார்த்து மகிழ்வதோடு அமைதல் நன்று. வந்த பாதையும் திரும்புங்கால் அதே பாதையன்று. வெயில் மாற, பாறையின் நிறமும் மாறிவிடுகின்றது.

கோடையில் வெப்பம் பாரன்கைற்று அளவில் 90 பாகையைத் தாண்டும் நாட்கள் பல. பாலத்தையடுத்த பெருஞ்சுவர்கள் தெற்கும் தென்கிழக்கும் நோக்கியவை. காலை வெயிலை வாங்கி வைத்து நடப்போர்மேல் வீசுகின்றன. மேற்குப் பக்கமோ முற்பகலில் நிழலுடையது. ஆதலின் விடியலிலே புறப்பட்டு, முன்சுவர்களை விரைந்து கடந்து, மேற்குப் பக்கத்தில் ஆறியிருந்து, நண்பகலுக்கு முன் மேலேறிவிடுதல் தக்கது. வண்டி நிறுத்த இடம் கிடைப்பதற்கும் அவ்வேளையே ஏற்றது. இளவேனிலும் இலையுதிர் காலமும் கோடையினும் மேலானவை.

குடிநீரை மேலிருந்தே சுமந்து செல்லல் வேண்டும். அருகே ஆறு ஓடுகின்றதே என்னும் துணிவு ஆகாது. பயிர்நிலங்களூடே வரும் அந்நீர் குடித்தற்கு உரியதன்று. கொண்டுசெல்லும் நீரிற் செம்பாதியை இறுதி ஏற்றத்துக்கென ஒதுக்குவது அறிவுடைமை. கிலுகிலுப்பைப் பாம்புகள் வெயில் காய்வதற்குப் பாறையிடுக்குகளிலே கிடத்தலால், கண் செல்லாத இடத்திற் கை வைத்தல் தகாது. கயிறு கட்டிப் பாறையேறுவோர் தலைக்குமேல் இருந்தால் சுவரடியில் நில்லாது விலகிச் செல்லல் வேண்டும். சாம்பற்பாறை உதிரும் இயல்பினது. இந்நடை முழுவதும் ஒரு பாலத்தையே நம்பியிருத்தலின், அது திறந்திருக்கின்றதா எனப் பூங்கா அலுவலகத்தில் முன்னரே வினவிக்கொள்வது இன்றியமையாதது.

பொன்னிறக் கழுகுகளும் வல்லூறுகளும் இச்சுவர்களிலே கூடு கட்டுகின்றன. அப்பருவத்திற் சில பாறைகளில் ஏறுதல் தடுக்கப்படுகின்றது. ஆற்றோரம் நடப்போன் தொலைநோக்காடி ஒன்றைக் கைக்கொண்டு சென்றால், பாதையில் நின்றவாறே அக்கூடுகளைத் தேடிக் காணலாம்.