சட்டியில் விழுவதற்குத்தான் விலை

புல்மோட்டை வீதியில் நிலாவெளியைத் தாண்டி வடக்கே போனால் இறக்கக்கண்டிப் பாலம் வரும். ஒரு பக்கம் களப்பு, மறுபக்கம் கடல். விடியற்காலையில் அங்கே நின்றால் எந்த மீன் எங்கே போகிறது என்று பார்க்கலாம். பாரை, அறுக்குளா, பெரிய விளைமீன் எல்லாம் ஐஸ் பெட்டிக்குள் அடங்கி லொறியேறிவிடும். சூடையும் காரலும் கீரியும் மோட்டார் சைக்கிள் பெட்டியில் ஊருக்குள் திரும்பும்.

"கடலுக்குப் பக்கத்தில இருந்துகொண்டு ஒரு நல்ல மீன் வாங்கித் தின்ன வழியில்ல" என்பது என் ராத்தாவின் தினசரிப் புலம்பல். மூன்று பிள்ளைகள், நாட்கூலி வருமானம். அவருடைய கோபத்தில் பாதி நியாயம். மற்றப் பாதிதான் இந்தக் கட்டுரை. அவர் நல்ல மீன் என்று சொல்வது விலை கூடிய மீனை. வீட்டுக்கு வருகிற சூடையில் என்ன குறை என்று கேட்டால் பதில் இல்லை.

2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். முந்தைய வருடம் 100 ரூபாய்க்கு வாங்கிய சாமானுக்கு ஏறக்குறைய 195 ரூபாய். பிறகு பணவீக்கம் இறங்கிவிட்டது என்று செய்தியில் சொன்னார்கள். இறங்கியது விலை ஏறுகிற வேகம். ஏறின விலை ஏறினபடிதான். அந்த நெருக்கடிக்கு முன்னரே, 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வில், நாட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் 17 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாமலும், 15 சதவீதம் பேர் உயரத்துக்கேற்ற நிறை இல்லாமலும் இருந்தார்கள்.

கிலோக் கணக்கும் சட்டிக் கணக்கும்

நாம் விலை கேட்பது கிலோவுக்கு. பிள்ளை தின்பது கிலோவை அல்ல. தலை, குடல், செதிள், ஓடு, எலும்பு எல்லாம் போய் சட்டியில் விழுவது எவ்வளவோ, அதற்குத்தான் உண்மையில் காசு கொடுக்கிறோம்.

இரண்டு கிலோ உயிர்க்கோழியை உரித்தால் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ நிற்கும். எலும்பு போகச் சதை ஒரு கிலோவை எட்டினால் அதிர்ஷ்டம். இறாலில் தலையும் ஓடும் போனால் பாதிக்குக் கிட்டத்தான் மிச்சம். நண்டில் அதுவும் இல்லை. நண்டு ஆசைக்குத் தின்பது, பசிக்கு அல்ல. முழுப்பாரை வாங்கினால் தலையும் நடுமுள்ளும் நிறையை இழுத்துக்கொள்ளும், ஆனால் தலையைச் சொதிக்குப் போடுகிற வீட்டில் அது நட்டமில்லை. சூடையிலும் நெத்தலியிலும் தலையையும் குடலையும் கிள்ளி எறிந்தால் சரி. மொறுமொறுவென்று பொரித்தால் முள்ளோடு தின்னலாம், அந்த முள்தான் கல்சியம். பாரைத் துண்டில் முள்ளை ஒதுக்கித் தின்கிற பிள்ளைக்கு அது கிடைக்காது.

புரதத்தைப் பொறுத்தவரை கடலில் ஏழை பணக்காரன் இல்லை. நூறு கிராம் சூடைச் சதையிலும் அறுக்குளாச் சதையிலும் 20 கிராமை ஒட்டியே புரதம் இருக்கும். கோழியும் மாட்டிறைச்சியும் கூட அந்த அளவுதான். ஒரு முட்டையில் 6 கிராம். பதினாறு கிலோ நிறையுள்ள நாலு வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 14, 15 கிராம் புரதம். ஒரு முட்டையும் உள்ளங்கையில் பாதியளவு மீனும் சோற்றோடு பருப்பும் போனால் முடிந்தது. இதை நான் சொன்னபோது ராத்தா நம்பவில்லை. கிளினிக்கில் மிட்வைஃப் சொன்ன பிறகுதான் நம்பினார். கூடப்பிறந்தவன் சொன்னால் யார் கேட்பது?

சூரையும் சிவந்த முகமும்

மலிவு என்றதும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிட முடியாது. இதை நான் காசு கொடுத்துப் படித்தேன்.

ஒரு சித்திரை மாதத்து மத்தியானம். வீட்டு வாசலில் நின்ற பெட்டியில் சூரை, காலையில் விற்றதன் பாதி விலைக்கு. "விடியப் பட்ட மீன், பாருங்க" என்று செவுளைத் திறந்து காட்டினார் வியாபாரி. சிவப்பாகத்தான் இருந்தது. கண்ணும் தெளிவு, நாற்றமும் இல்லை. கொறுக்காய்ப் புளி போட்டு நன்றாக வற்றவிட்டுச் சமைத்தோம். தின்று அரை மணித்தியாலம் ஆகவில்லை, எனக்கும் மச்சானுக்கும் முகமும் கழுத்தும் சிவந்து கொதித்தன. தலையிடி, நெஞ்சுப் படபடப்பு, உடம்பெல்லாம் கடி. மீன் அலர்ஜி என்றுதான் நினைத்தோம். சின்ன வயதிலிருந்து சூரை தின்ற உடம்பில், அதுவும் இரண்டு பேருக்கும் ஒரே நாளில் அலர்ஜி எப்படி வரும் என்று வைத்தியர் திருப்பிக் கேட்டார்.

அது ஹிஸ்டமின் நஞ்சு. சூரை, கெளவல்லா, கும்பளா, சாளை வகைகளின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் இயல்பாகவே கூடுதல். பிடித்த மீன் வெயிலில் கிடந்தால் பக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். மாறினது மாறினதுதான். பிறகு ஐஸில் வைத்தாலும், புளி போட்டு வேக வைத்தாலும், பொரித்தாலும், டின்னில் அடைத்தாலும் அது அழியாது. மீனின் தோற்றத்திலும் மணத்திலும் பல வேளைகளில் ஒன்றும் தெரியாது. தின்னும்போது நாக்கில் மிளகு பட்டதுபோல் சுணைத்தால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள். பெரும்பாலானவர்களுக்குச் சில மணித்தியாலங்களில் சரியாகிவிடும். மூச்சு இழுத்தால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

கண், செவுள், அழுத்தினால் மேலெழும் சதை என்று நம் உம்மாமார் சொல்லித் தந்த சோதனைகள் பாரைக்கும் விளைமீனுக்கும் இன்றும் சரி. சூரைக் குடும்பத்துக்கு அவை போதாது. அங்கே பார்க்க வேண்டியது மீனை அல்ல, பெட்டியை. ஐஸ் இருக்கிறதா? மேலே அழகுக்குத் தூவியதா, அடியிலும் இடையிலும் கிடக்கிறதா? நம் வெயிலுக்கு மீனின் நிறையளவு ஐஸ் வேண்டும் என்பது பொதுக் கணக்கு. ஐஸ் இல்லாத பெட்டியில் மத்தியானத்துச் சூரை இனாமாகக் கிடைத்தாலும் எனக்கு வேண்டாம். அந்த நேரத்தில் அதே காசுக்குப் பருப்பும் முட்டையும் வாங்கலாம்.

வாங்கிய பிறகு பொறுப்பு நம்முடையது. மீனை வாங்கிச் சைக்கிளில் தொங்கவிட்டுக்கொண்டு சந்தியில் அரை மணி நேரம் கதைக்கிற ஆண்கள் இதைக் கவனிக்க.

வெடி வைத்த மீன்

திருகோணமலைக் கடலில் டைனமைட் போடுவது சட்டப்படி குற்றம், ஆனாலும் நின்றபாடில்லை. அந்த மீன் சந்தைக்கும் வருகிறது, சிலவேளை கொஞ்சம் மலிவாக. வெளியே காயம் இருக்காது. வெட்டும்போது பாருங்கள்: முள்ளந்தண்டு முறிந்திருக்கும், அதையொட்டி இரத்தம் உறைந்திருக்கும், வயிற்றுக்குள் குடல் கலங்கிக் கிடக்கும், சதை தொளதொளவென்றிருக்கும். உள்ளுறுப்பு சிதைந்த மீன் சீக்கிரம் பழுதாகும். ஒரு குண்டு பவளப்பாறையில் குஞ்சுகளையும் சேர்த்துத்தான் கொல்கிறது. அடுத்த வருடம் அதே மீனுக்குக் கூடுதல் விலை கொடுக்கப்போவதும் நாம்தான்.

கடல் பூட்டும் மாதங்கள்

கச்சான் காற்றுக் காலத்தில் கிழக்குக் கடல் அடங்கிக் கிடக்கும். சிலாபம், நீர்கொழும்புப் பக்கத்திலிருந்து மீனவர்கள் வந்து கரையோரம் வாடி அடிப்பார்கள். கரைவலை இழுபடும், மீன் மலியும். வாடைக்காற்று தொடங்கினால் எல்லாம் தலைகீழ். கார்த்திகை, மார்கழியில் கடல் கொந்தளிக்கும், வள்ளங்கள் கரையேறும், வந்த மீனின் விலை கேட்டால் தலை சுற்றும். சீசனுக்குக் கைநிறைய வாங்கிப் பழகிய வீடுகள் இந்த மாதங்களில்தான் தடுமாறுகின்றன. ஒரே மீனை எல்லா மாதமும் தேடினால் எந்தச் சம்பளமும் காணாது.

முன்னோர் இதற்கு வைத்திருந்த பதில் கருவாடு. காய்ந்ததால் நிறைக்குப் புரதம் மிக அதிகம். நெத்தலிக் கருவாட்டில் பாதிக்கு மேல் புரதம்தான். கூடவே உப்பும். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாகத்தான் உப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிரஷர் உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் கருவாட்டை ஊறவைத்துத் தண்ணீரை இரண்டு தரம் மாற்றி, கறிக்கு வேறு உப்புப் போடாமல் சமைக்க வேண்டும். கடற்கரை மணலில் விரித்துக் காயவைத்ததை விட்டு, பரணில் அல்லது வலைமேல் காய்ந்ததைக் கேட்டு வாங்குங்கள்.

இந்த மாதங்களுக்கு என் சிபாரிசு மைசூர்ப் பருப்பு, கடலை, கௌபி, பயறு. நூறு கிராம் பருப்பில் 24 கிராம் புரதம். சோற்றில் குறைவான அமினோ அமிலத்தைப் பருப்பும், பருப்பில் குறைவானதைச் சோறும் ஈடுகட்டும். சோயாமீற் உலர்ந்த நிலையில் நூறுக்கு 50 கிராம். பக்கெட்டோடு வரும் மசாலாவில் உப்பு அதிகம், அதைப் பாதி போட்டால் போதும். டின்மீன் வாங்கினால் 425 கிராம் என்ற பெரிய எழுத்தைப் பார்க்காமல் வடிகட்டிய நிறை என்ற சின்ன எழுத்தைத் தேடுங்கள். மிச்சம் குழம்புத் தண்ணீர்.

இறைச்சிக் கடையும் பெருநாள் பங்கும்

மாட்டிறைச்சியில் எலும்போடு ஒரு விலை, தனி இறைச்சி ஒரு விலை. ஒரு கணக்குக்கு எலும்போடு 1600, தனி இறைச்சி 2000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோவில் எலும்பு 200 கிராமைத் தாண்டினால் எலும்போடு வாங்கியவருக்குத்தான் நட்டம். தராசில் ஏறுமுன் கேட்டு வாங்கலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எலும்புச் சூப்பில் கல்சியம் கொட்டிக்கிடக்கிறது என்பது வெறும் நம்பிக்கை; வாசமும் ருசியும் உண்டு, கல்சியம் சொற்பம். காலிறைச்சி மலிவு, மெல்ல அவிந்தால் பஞ்சாகும், சத்தில் ஒரு குறையும் இல்லை. ஈரல் இரும்புச்சத்துக்கு முதல்தரம். ஆனால் அதில் விற்றமின் ஏ மிக அதிகம் என்பதால் கர்ப்பிணிகள் தவிர்ப்பது நல்லது.

கடை பிரதேச சபையின் அனுமதி பெற்றதா, இறைச்சி ஈ மொய்க்காமல் மூடியிருக்கிறதா என்று பாருங்கள். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ், பழுதான உணவைப் பறிமுதல் செய்யப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அதிகாரம் உண்டு. அவரிடம் சொல்வதைக் கோள் மூட்டுவதாக நினைக்கிற பழக்கம் நம் ஊரில் இன்னும் போகவில்லை. விலையிலும் நிறையிலும் ஏமாற்றினால் நுகர்வோர் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் அழைக்கலாம்.

வருடத்தில் ஒரு நாள் கணக்கெல்லாம் மாறும். ஹஜ்ஜுப் பெருநாளில் குர்பான் பங்கு நாலு வீட்டிலிருந்து வந்து சேரும், ராத்தா வீட்டு அடுப்படியில் ஐந்து கிலோ இறைச்சி குவியும். அப்படியே ஒரே பையில் கட்டி ஃபிரிட்ஜுக்குள் திணிப்பதுதான் நடக்கிற தவறு. நடுப்பகுதி குளிர்வதற்குள் கெடத் தொடங்கிவிடும். ஒரு நேரச் சமையலுக்கு எவ்வளவோ அவ்வளவாகப் பிரித்து, தட்டையாக அமுக்கி உறையவிட வேண்டும். உருக்குவதைக் கீழ்த்தட்டில் வைத்து உருக்குங்கள், வெளியே உருகியதைத் திரும்ப உறைய வைக்காதீர்கள். ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டுக்கு உப்புக்கண்டம் இருக்கிறது. 32 பாகைக்கு மேலான வெக்கையில் பச்சை இறைச்சியோ சமைத்த கறியோ ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வெளியே இருக்கக்கூடாது.

கோழிக்கு ஊசி

புரொயிலர் கோழிக்கு வளர ஹோமோன் ஊசி போடுகிறார்கள் என்று வட்ஸ்அப்பில் வராத வாரமில்லை. ஆயிரக்கணக்கான கோழிகளுக்கு ஒவ்வொன்றாக ஊசி குத்திக் கட்டுப்படியாகாது. சீக்கிரம் வளர்வது இனத்தாலும் தீனியாலும். கவலைப்பட வேண்டியது அன்டிபயோட்டிக்கைக் கண்டபடி கொடுப்பதற்கும், பச்சைக் கோழியில் இருக்கக்கூடிய சல்மொனெல்லாவுக்கும். குழாய்க்கடியில் கோழியைக் கழுவினால் தெறிக்கும் தண்ணீரோடு கிருமியும் அடுப்படியெல்லாம் பரவும் என்பதால் கழுவவே வேண்டாம் என்கிறார்கள் நிபுணர்கள். எங்கள் ஊரில் இதைச் சொன்னால் அடிக்க வருவார்கள். அப்படியானால் பேசினில் தண்ணீர் பிடித்து மெதுவாக அலசி, பேசினையும் கத்தியையும் பலகையையும் சவர்க்காரத்தால் கழுவிவிட்டு, பிறகு சலாதுக்கு வெங்காயம் வெட்டுங்கள்.

கடைசியாகச் சாப்பிடுகிறவர்

மீன் எவ்வளவு வாங்கினாலும் அது தட்டில் எப்படிப் பிரிகிறது என்பதை யாரும் நிறுத்துப் பார்ப்பதில்லை. எங்கள் வீட்டில் நடுத்துண்டு வாப்பாவுக்கு, அடுத்தது தொழிலுக்குப் போகிற மகனுக்கு, பிறகு சின்னவர்களுக்கு. ராத்தாவுக்குக் குழம்பும் வாலும். அவர்தான் பால் கொடுக்கிறவர், அவருக்குத்தான் கிளினிக்கில் இரத்தம் குறைவு என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். திரிபோஷ பக்கெட்டும் அவருக்கென்று தந்ததுதான். அதையும் பிள்ளைகளுக்கு உருண்டை பிடித்துக் கொடுத்துவிடுவார்.

இரும்புச்சத்துக்கென்று முற்றத்து முருங்கையிலையைச் சுண்டித் தின்றாலும், கையோடு ஒரு பிளேன்டீ குடித்தால் தேயிலையின் டனின் அந்த இரும்பை உடம்பில் சேரவிடாது. தேசிக்காய் பிழிந்தால் எதிர்மாறு, கூடுதலாகச் சேரும். காசு செலவில்லாத வைத்தியம் இது. போன மாதத்திலிருந்து ராத்தா பகல் சோற்றுக்குத் தேசிக்காய் பிழிகிறார், பிளேன்டீயை அஸர் தொழுகைக்குப் பிறகு தள்ளிவிட்டார். நடுத்துண்டு மட்டும் இன்னும் வாப்பாவின் தட்டில்தான் விழுகிறது.