எருக்கம்பாலும் கண்ணும்

விநாயகர் சதுர்த்தி நெருங்கினால் வாய்க்கால் கரையிலும் ரயில் பாதை ஓரத்திலும் பிள்ளைகள் எருக்கம்பூ பறிப்பார்கள். காம்பை ஒடித்ததும் வடிகிற பாலைப் பற்றி அவர்களுக்கு முன்பே சொல்லிவையுங்கள்.

எருக்கு நம் மண்ணின் செடி. தண்ணீர் தேங்காத, வெயில் நன்றாக விழும் தரிசு, மணல்மேடு, சுடுகாட்டு ஓரம் என்று யாரும் கவனிக்காத இடத்தில் தானே முளைத்து ஆளுயரம் தாண்டும். தடித்த இலைகள் எதிரெதிராக, காம்பே இல்லாததுபோலத் தண்டை ஒட்டியிருக்கும். தேய்த்தால் வெள்ளைப் பொடி விரலில் ஒட்டும். ஐந்து மெழுகு இதழ், நடுவில் மகுடம், நிறம் இளம் ஊதா. வெள்ளெருக்கும் இதே செடிதான், நிறம்தான் வேறு. அதன் பாலும் இதே பால்தான்.

அந்தப் பால் கண்ணில் பட்டால் கருவிழிக்குள் ஊடுருவி உள்ளடுக்கின் செல்களைச் சிதைக்கும். அந்தச் செல்கள் மறுபடி வளர்வதில்லை. பலருக்கு வலி அதிகம் இருக்காது, பார்வை மட்டும் பனிமூட்டமாக மங்கும். வலிக்கவில்லையே என்று விட்டுவிடுவதுதான் ஆபத்து. கண்ணைக் கசக்காமல், உடனே சுத்தமான தண்ணீரால் குறைந்தது கால் மணி நேரம் கழுவுங்கள். தாய்ப்பால் பீச்சுவது, விளக்கெண்ணெய் விடுவது, கடையில் கேட்டு வாங்கிய சொட்டு மருந்து எதுவும் வேண்டாம். அன்றைக்கே கண் மருத்துவரிடம் போய், பட்டது எருக்கம்பால் என்று சொல்லுங்கள். சீக்கிரம் சிகிச்சை கிடைத்தால் பெரும்பாலோருக்குப் பார்வை தெளிந்துவிடும். வேலியோர எருக்கை வெட்டுபவர்கள் கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொள்ள வேண்டும்.

பால் வயிற்றுக்குள் போனால் இதயத் துடிப்பையே குலைக்கும். வாந்தி எடுக்க வைக்காமல் 108-ஐ அழையுங்கள்.

கருவைக் கலைக்க எருக்கங்குச்சி செருகும் வழக்கத்தால் சீழ் பிடித்து உயிரை விட்ட பெண்கள் உண்டு. ஒளித்துச் செய்ய வேண்டிய தேவையே இல்லை. நம் நாட்டின் 1971-ஆம் ஆண்டுக் கருக்கலைப்புச் சட்டமும் அதன் 2021 திருத்தமும் 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்தின் பேரில் கருக்கலைப்பை அனுமதிக்கின்றன. கருத்தடை தவறி உண்டான கருவுக்கும், திருமணமாகாத பெண்ணுக்கும் இது பொருந்தும். 18 வயது நிரம்பியவருக்குக் கணவர் கையெழுத்து தேவையில்லை, அந்தப் பெண்ணின் சம்மதமே போதும். பெயரை வெளியிடக் கூடாது என்பதும் சட்டமே.

இத்தனைக்குப் பிறகும் எருக்கை அழித்துவிடலாமா என்று கேட்டால், கூடாது என்பேன். வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியின் புழு எருக்கிலையைத் தின்று, அதன் நஞ்சையே உடம்பில் சேர்த்துக்கொண்டு பறவைகளிடமிருந்து தப்புகிறது. பிள்ளையார் செதுக்க வெள்ளெருக்கை வேரோடு பிடுங்குவதை நிறுத்தலாம். பூசைக்குப் பூ மட்டும் போதும், அதையும் பெரியவர்கள் பறித்துக் கொடுக்கட்டும். பறித்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு மாலை கட்ட உட்காரலாம்.