எடை எங்கே உட்கார்கிறது?

சிங்கப்பூர் ராணுவத்தில் தேசிய சேவைக்குச் சேரும் தமிழ் இளைஞர்களின் கையில் இருப்பது எஸ்ஏஆர் 21 துப்பாக்கி. 1999-இல் எம்16-க்குப் பதிலாக வந்தது. குழல் நீளம் இரண்டிலும் 508 மில்லிமீட்டர்தான். ஆனால் எம்16-இன் மொத்த நீளம் ஏறக்குறைய 99 சென்டிமீட்டர். எஸ்ஏஆர் 21 வெறும் 80.5.

வழக்கமான துப்பாக்கியில் மேகசினும் சுடும் பொறியும் விசைக்கு முன்னால் இருக்கும். எஸ்ஏஆர் 21 போன்ற ‘புல்பப்’ வகையில் அவை விசைக்குப் பின்னால், தோளில் பதியும் கட்டைக்குள் போய்விடுகின்றன. அதனால் குழலைக் குறைக்காமலே மொத்த நீளம் குறைகிறது. நம் திருச்சி தொழிற்சாலையில் தயாரான, வழக்கமான வகை இன்சாஸ் துப்பாக்கி 96 சென்டிமீட்டர். இந்தியச் சிறப்புப் படையினர் ஏந்தும் இஸ்ரேலின் புல்பப் வகை டாவோர் 72. குழலோ இரண்டிலும் சுமார் 46. கவச வண்டிக்குள்ளும் குறுகிய மாடிப்படியிலும் இந்த வித்தியாசம் உயிர்காக்கும்.

நீளம் குறைந்தாலும் எடை குறையவில்லை. எம்16 காலியாக 3 கிலோவுக்கும் கீழே. எஸ்ஏஆர் 21 சுமார் 3.8 கிலோ. ஆனால் தராசு சொல்வது பாதிக் கதைதான். பனியன் துணி ரோலை நெஞ்சோடு அணைத்துத் தூக்குபவருக்கும் கைகளை நீட்டித் தாங்குபவருக்கும் சுமை ஒன்றா? புல்பப்பில் கனம் தோளருகே தங்குவதால் முன்கை சீக்கிரம் சோராது. குறியை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் திருப்புவதும் எளிது.

இதற்கு விலையும் உண்டு. முன்பக்கம் லேசானால், தொடர்ந்து சுடும்போது குழல்முனை மேலெழுவதை அடக்க அங்கே கனம் போதாது. 30 தோட்டாக்கள் ஏறக்குறைய 360 கிராம்; சுடச்சுட அந்த எடை பின்பக்கம் குறைந்து, சமநிலை முன்னோக்கி நகரும். மேகசின் மாற்றக் கை அக்குளருகே போக வேண்டும். விசையிலிருந்து பொறிவரை நீளும் இணைப்புக் கம்பியால் விசையின் தெளிவும் குறைகிறது. பெரிய குறை இடக்கைக்காரர்களுக்கு: வெற்று உறை முகத்தருகே பாயும். பிரிட்டனின் புல்பப்பான எல்85-ஐ வலத்தோளில் வைத்து மட்டுமே சுட முடியும்.

பிரான்ஸ் தன் புல்பப்பான ஃபமாஸைக் கைவிட்டு, வழக்கமான வகை எச்கே416-க்குப் போனது. சீனா 2019-இல் காட்டிய புதிய துப்பாக்கியும் புல்பப் அல்ல. அதன் பின்கட்டையை வீரரின் உடலுக்கும் கவச உடைக்கும் ஏற்ப நீட்டிக் குறைக்கலாம். பொறி முழுவதும் கட்டைக்குள் இருக்கும் புல்பப்பில் அந்த வசதி கடினம். ஆனாலும் நெருக்கமான நகரத்தைக் காக்க வேண்டிய சிங்கப்பூருக்குப் புல்பப் தேர்வு சரியானதே என்பேன்.