துப்பறியும் நாவலும் வாசகரும்

துப்பறியும் நாவலை வெறும் பொழுதுபோக்கு நூலெனத் தள்ளிவிடுவோர் பலர். ஆயினும், அதனைப் படிப்பவர் சும்மா இருப்பதில்லை. கதையில் வரும் துப்பறிவாளருக்கு முன்பே கொலையாளியைத் தாம் கண்டுபிடித்துவிட முயல்கிறார். ஆசிரியருக்கும் வாசகருக்குமிடையே நிகழும் இப்போட்டி நேர்மையாக நடைபெற்றாலன்றி இன்பம் பயவாது.

இங்கிலாந்திலே, கத்தோலிக்க மதகுருவும் நாவலாசிரியருமான றொனால்ட் நொக்ஸ் 1929ஆம் ஆண்டில் இதற்குப் பத்து விதிகளை வகுத்தார். குற்றவாளி கதையின் தொடக்கத்திலேயே குறிக்கப்படல் வேண்டும். மர்மத்தை விடுவிக்க இயற்கைக்கு அப்பாற்பட்ட சக்திகளைத் துணைக்கழைத்தல் ஆகாது. உலகம் அறியாத நஞ்சினைப் புகுத்தலாகாது. துப்பறிவாளர் கண்ட தடயத்தை உடனே வாசகருக்கும் காட்டுதல் வேண்டும் என்பன அவற்றுட் சில.

இவ்விதிகள் எழுமுன்னரே, 1926இல், அகதா கிறிஸ்டியின் ‘றோஜர் அக்றொய்ட் கொலை’ என்னும் நாவல் இந்நேர்மை பற்றிய பெரும் விவாதத்தைக் கிளப்பியது. அதன் முடிவைக் கண்ட சிலர், ஆசிரியர் ஏமாற்றிவிட்டார் எனக் குறைகூறினர். நாவலாசிரியை டொறத்தி சேயர்ஸோ, எவரையும் ஐயுறுதல் வாசகரின் பொறுப்பே என்று கூறி அந்நூலை ஆதரித்தார்.

நூலை மறுமுறை படிப்போர், தடயங்கள் தம் கண்முன்னே கிடந்தமையை உணர்வர். தாம் தோற்ற இடத்தைக் கண்டு வியத்தலே, முடிவு தெரிந்த பின்னும் அந்நூலில் எஞ்சியிருக்கும் இன்பமாகும்.