முதலில் சொல், பிறகு எண்ணு

இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகளின் கணக்குப் பயிற்சிப் புத்தகத்தைப் பற்றி வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். ஒரு பக்கம் முழுக்க முக்கோணங்கள் சிதறிக் கிடக்கின்றன. கீழே இரண்டு பெட்டிகள். முதல் பெட்டிக்கு மேல் ‘உத்தேசமாக எத்தனை?’ என்றும், இரண்டாவதற்கு மேல் ‘எண்ணிப் பார்த்தால் எத்தனை?’ என்றும் அச்சிட்டிருக்கிறது. மகள் ஒவ்வொரு முக்கோணத்தின் மேலும் பென்சிலால் புள்ளி வைத்து எண்ணி, இரண்டாம் பெட்டியில் 34 என்று எழுதுகிறாள். பிறகு அதே 34-ஐ முதல் பெட்டியிலும் எழுதிவிடுகிறாள். ஆசிரியர் இரண்டுக்கும் சரி போட்டிருக்கிறார். எப்படியும் எண்ணத்தான் போகிறோம் என்றால் அதற்கு முன் உத்தேசம் எதற்கு என்பது வாசகியின் கேள்வி.

இந்தப் பழக்கத்தை எத்தனையோ வகுப்பறைகளில் பார்க்கலாம். சரியான விடைக்குத்தான் மதிப்பு என்று பள்ளி பழக்கியிருக்கும்போது, வேறொரு எண்ணைத் துணிந்து எழுத எந்தக் குழந்தைக்கு மனம் வரும்? ஆனாலும் அந்தப் பக்கத்தில் அவள் கற்க வேண்டியது பெரும்பாலும் முதல் பெட்டியில்தான் இருக்கிறது. இன்னும் சரியாகச் சொன்னால், இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே விழும் வித்தியாசத்தில் இருக்கிறது. இரண்டிலும் 34 என்று எழுதியதும் அந்த வித்தியாசம் மறைந்துவிடுகிறது. பாடமும் அதோடு போய்விடுகிறது.

மேசைமேல் மூன்று நாணயங்கள் கிடந்தால் யாரும் எண்ணுவதில்லை. பார்த்த கணமே மூன்று என்று தெரிந்துவிடும். நான்குக்கும் அப்படித்தான். இந்த எல்லைக்குள் ஒரு பொருள் கூடினால் விடை சொல்லப் பத்தில் ஒரு நொடிகூடத் தாமதம் ஆவதில்லை. அதைத் தாண்டியதும் ஒவ்வொரு கூடுதல் பொருளுக்கும் கால் நொடி, சிலருக்கு அதற்கும் மேல் தேவைப்படுகிறது. கண் ஒவ்வொன்றாகத் தொட்டுச் செல்லத் தொடங்கிவிட்டது என்பதற்கு அதுவே சாட்சி.

எண்ண நேரம் கொடுக்காமல் படத்தைச் சட்டென்று மறைத்துவிட்டாலும் நாம் வெறுங்கையோடு நிற்பதில்லை. ‘முப்பது இருக்கும்’ என்று ஏதோ ஒன்று உள்ளிருந்து சொல்கிறது. இந்த உணர்வு மொழிக்கு முன்பே வந்துவிடுகிறது. ஃபெய் ஷூவும் எலிசபெத் ஸ்பெல்கியும் 2000-ல் வெளியிட்ட ஆய்வில் 6 மாதக் குழந்தைகள் 8 புள்ளிகளையும் 16 புள்ளிகளையும் வேறுபடுத்தினார்கள். 8-ஐயும் 12-ஐயும் வேறுபடுத்த முடியவில்லை. 9 மாதம் ஆகும்போது 8-க்கும் 12-க்கும் உள்ள வேறுபாடும் பிடிபட்டுவிடுகிறது. இந்த உணர்வுக்கு வித்தியாசத்தைவிட விகிதம்தான் கணக்கு. 10-க்கும் 12-க்கும் உள்ள வேறுபாடு தெரிகிறவருக்கு 100-க்கும் 102-க்கும் உள்ள வேறுபாடு தெரியாது. 100-க்கும் 120-க்கும் தெரியும். இது ஏன் இப்படி மங்கலாக இருக்கிறது என்பதற்கு 2002-ல் ஒரு துப்பு கிடைத்தது. ஆண்ட்ரியாஸ் நீடரும் ஏர்ல் மில்லரும் குரங்குகளின் மூளையில், குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மட்டும் அதிகமாகத் துடிக்கும் நரம்பணுக்களைக் கண்டார்கள். நான்குக்கு உரிய அணு நான்கைப் பார்த்தால் அதிகம் துடிக்கும். மூன்றுக்கும் ஐந்துக்கும் சற்றுக் குறைவாகத் துடிக்கும். அண்டை எண்களின் எல்லைகள் ஒன்றின்மேல் ஒன்று படிகின்றன.

வரலாறு வேண்டுவோருக்கு ஒரு பத்தி. ஆங்கிலேயப் பொருளியல் அறிஞர் வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் ஒரு சிறிய வட்டப் பெட்டியை வைத்துக்கொண்டு அதற்குள் கறுப்பு அவரை விதைகளை விசிறினார். விதைகள் அசைவு நின்றதும் தயங்காமல் ஓர் எண்ணைச் சொல்லி, பிறகு நிதானமாக எண்ணி இரண்டையும் குறித்துக்கொண்டார். இப்படி 1,027 முறை. முடிவை 1871-ல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார். மூன்று, நான்கு விழுந்தபோது ஒருமுறைகூடப் பிசகவில்லை. ஐந்தில் பிசகு தொடங்கி, எண்ணிக்கை ஏற ஏற அதுவும் ஏறியது. சோதனைக்கு ஆட்பட்டவர் அவர் ஒருவரே என்பதால் இதை வைத்து மனித இனத்துக்கே விதி எழுத முடியாது. ஆனால் இன்றைய பயிற்சிப் புத்தகத்தின் இரண்டு பெட்டிகளும் அவருடைய குறிப்பேட்டில் அப்போதே இருந்தன.

என்னை இந்த விஷயத்தோடு கட்டிப்போட்டது 2008-ல் வெளியான ஓர் ஆய்வு. வெரோனிக் இசார், ஸ்தனிஸ்லாஸ் தெஹேன் என்ற இரண்டு பிரெஞ்சு ஆய்வாளர்கள் பெரியவர்களிடம் 1 முதல் 100 வரையிலான புள்ளிக் கூட்டங்களைக் கணநேரம் காட்டி, எத்தனை என்று கேட்டார்கள். எண்ணிக்கை கூடக் கூடப் பெரும்பாலோர் குறைத்தே சொன்னார்கள். அதுவும் தாறுமாறாகக் குறைக்கவில்லை. ஒவ்வொருவரும் தமக்கென்று ஓர் ஒழுங்கில் குறைத்தார்கள். ஒருவருடைய விடைகளைக் கோடாக வரைந்தால் அது சீராகத்தான் ஏறுகிறது. ஆனால் உண்மையான கோட்டுக்குக் கீழே, தன் போக்கில் வளைந்து ஏறுகிறது.

அடுத்ததாக ஒரு புள்ளிக் கூட்டத்தைக் காட்டி, “இது 30” என்று சொன்னார்கள். சிலருக்குக் காட்டியதில் உண்மையிலேயே 30 இருந்தது. சிலருக்கு 25-ஐக் காட்டி 30 என்றார்கள். வேறு சிலருக்கு 39-ஐக் காட்டி 30 என்றார்கள். பிறகு பழையபடி சோதனை தொடர்ந்தது. 39-ஐ முப்பது என்று நம்பியவர்களின் விடைகள் தாழ்ந்தே நின்றன. 25-ஐ முப்பது என்று நம்பியவர்களின் விடைகள் ஏறின. முப்பதை ஒட்டிய எண்களில் மட்டும் இப்படி நடந்திருந்தால் வியக்க ஒன்றுமில்லை. ஆனால் முப்பதிலிருந்து வெகுதூரத்தில் இருந்த எண்களுக்கான விடைகளும் சேர்ந்தே நகர்ந்தன. ஓர் இடத்தில் கொடுத்த தகவல் அளவுகோல் முழுவதையும் இழுத்துவிட்டது!

இதை அடுப்படியில் வைத்துப் பார்த்தால் தெளிவாகும். பல ஆண்டுகள் சமைத்த கை உப்பை அளப்பதில்லை. டப்பாவுக்குள் போய் ஓர் அளவை அள்ளிப் போடுகிறது. பிறகு ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு ருசி பார்க்கிறது. அள்ளியது உத்தேசம், ருசி பார்த்தது எண்ணிப் பார்த்தது. வீட்டில் கல் உப்பு தீர்ந்து தூள் உப்பு வாங்கி வந்த அன்று குழம்பு கரிக்கும், ஏனென்றால் அதே பிடிக்குள் தூள் உப்பு அதிகம் அடங்கும். ஆனால் ஒரு குழம்பு கரித்தால் போதும், மறுநாள் ரசத்திலும் பொரியலிலும் சோற்றிலும் கை தானாகச் சுருங்கிவிடும். ஒவ்வொரு பண்டத்துக்கும் தனித்தனியாகப் பாடம் கற்க வேண்டியதில்லை. நாலு பேர் குழம்பில் பிசகினால் சிட்டிகை அளவு, நானூறு பேர் பந்தியில் பிசகினால் படியளவு. பிசகின் விகிதம் மட்டும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். எப்போதும் கரண்டியால் அளந்தே போடுகிறவருக்குக் குழம்பு சரியாக வரும், கைப்பக்குவம் வராது. அள்ளிப் போட்டுவிட்டு ருசியே பார்க்காதவருக்கு ஆயுசு முழுக்க ஒரே பிசகுதான். முதல் பெட்டியில் 34 என்று நகல் எடுக்கும் சிறுமி கரண்டியால் அளக்கிறாள். உத்தேசம் மட்டும் கேட்டுவிட்டு எண்ணச் சொல்லாமல் அடுத்த பக்கத்துக்குப் போகும் வகுப்பு ருசி பார்ப்பதில்லை.

குழந்தைகளிடமும் இதன் சாயலைக் காணலாம். ஜான் ஓப்ஃபரும் ராபர்ட் சீக்லரும் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் 0-வில் தொடங்கி 1000-ல் முடியும் வெறுங்கோட்டைக் கொடுத்து, சொல்லும் எண் எங்கே வரும் என்று குறிக்கச் சொன்னார்கள். பல பிள்ளைகள் சிறிய எண்களுக்கு இடத்தை அள்ளிக் கொடுத்துவிட்டுப் பெரிய எண்களைக் கடைசியில் நெருக்கினார்கள். 150-ஐ இருக்க வேண்டிய இடத்திலிருந்து வெகுவாக வலப்பக்கம் தள்ளி வைத்தார்கள். 150-க்குச் சரியான இடம் எது என்று காட்டியதும், பலருக்குக் கோடு முழுவதும் ஒரேயடியாகச் சீரானது. 5-ஐயோ 725-ஐயோ திருத்திக் காட்டியபோது அவ்வளவு வேகம் இல்லை. பிசகு எங்கே மிகப் பெரிதோ அங்கே திருத்தம் விழுந்தால்தான் அதிகம் பலிக்கிறது. வித்தியாசம் பெரிதாக வந்துவிட்டதே என்று பிள்ளை முகம் சுருக்கும்போது இதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

இனி கொத்துகள். அதே பயிற்சிப் பக்கத்தில் பத்துப் பத்தாக வட்டமிட்டு எண்ணச் சொல்லியிருப்பார்கள். ஏழு புள்ளிகளைச் சிதறவிட்டால் எண்ண வேண்டும். அவற்றையே மூன்று, இரண்டு, இரண்டு என்று பிரித்து வைத்தால், ஒவ்வொரு கொத்தையும் எண்ணாமலே அறிந்து கூட்டிவிடலாம். இது எல்லா வயதுக்கும் இயல்பாக வருகிறதா என்று கில்லியன் ஸ்டார்க்கியும் புரூஸ் மெக்காண்ட்லிஸும் 2014-ல் வெளியான ஆய்வில் பார்த்தார்கள். மழலையர் வகுப்பிலிருந்து மூன்றாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு 5 முதல் 7 வரையிலான புள்ளிகளைச் சிதறியும் கொத்தாகவும் காட்டினார்கள். வகுப்பு ஏற ஏறக் கொத்தால் கிடைக்கும் வேகம் கூடியது. அந்த வேகம் கூட்டல் கழித்தலில் உள்ள சரளத்தோடும் சேர்ந்து நடந்தது. கண்ணுக்குக் கொத்து முன்பே தெரிகிறது. அதைக் கூட்டிப் பயன்படுத்தப் பள்ளிக் கணக்கு வேண்டியிருக்கிறது. பிறவி உணர்வும் படித்த கணக்கும் கைகோக்கும் இடம் இது.

படம் வரைபவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்றும் உண்டு. நம் கண் பரப்பையும் பார்க்கிறது. பெரிய நட்சத்திரங்களும் குட்டி முக்கோணங்களும் கலந்திருந்தால் சிறு குழந்தை அளவைப் பார்த்து ஏமாறும். புள்ளிகளை மெல்லிய கோட்டால் இரண்டிரண்டாக இணைத்துவிட்டால் பெரியவர்களுக்கே எண்ணிக்கை குறைந்து தோன்றும் என்று 2009-ல் வெளியான ஆய்வுகள் காட்டின. ஆகவே உத்தேசம் சொல்லும் முன் வட்டமிட விடக்கூடாது. அழகுக்காகக் கொடியில் கோத்து வரைந்த பூக்களும் இந்தப் பயிற்சிக்கு உதவாது.

இதையெல்லாம் படித்துவிட்டுச் செல்பேசியில் புள்ளி விளையாட்டுச் செயலி தேடுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஜஸ்டின் ஹால்பர்டாவும் உடன் ஆய்வாளர்களும் 2008-ல் 14 வயதுப் பிள்ளைகள் 64 பேரைச் சோதித்து, புள்ளிகளைக் கணத்தில் ஒப்பிடும் கூர்மைக்கும் மழலையர் வகுப்பு தொடங்கிய அவர்களின் கணக்கு மதிப்பெண்களுக்கும் தொடர்பு கண்டார்கள். நல்ல ஆய்வுதான். ஆனால் தொடர்பு என்பதைக் காரணம் என்று படித்தவர்கள், புள்ளி விளையாட்டு ஆடினால் கணக்குப் புலி ஆகலாம் என்று விற்கக் கிளம்பிவிட்டார்கள். பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2017-ல் வெளியான கட்டுரையில் அந்தத் தொடர்பு 0.24 என்றுதான் வந்தது. பிள்ளைகளுக்கிடையே கணக்கில் உள்ள வேறுபாட்டில் ஏறக்குறைய 6 சதவீதத்தை மட்டுமே அது விளக்கும். 7 பெரிதா 9 பெரிதா என்று இலக்கங்களை ஒப்பிடும் திறனுக்கு அதைவிடக் கூடுதலாக, 0.30 கிடைத்தது. புள்ளிப் பயிற்சி மட்டுமே கணக்கை உயர்த்தும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. இசாரும் தெஹேனும் செய்த சோதனையும் உணர்வைக் கூர்மையாக்கியதாகச் சொல்லவில்லை. உணர்வுக்கும் எண்ணுக்கும் இடையே இருந்த கோணலை நேராக்க முடியும் என்று மட்டுமே காட்டியது. எட்டு வயதுக் குழந்தைக்கு அது குறைந்த காரியமா என்ன? 34 முக்கோணங்களை எண்ணும்போது நடுவில் தவறிப்போய் 24 என்று விடை வந்தால், ‘இருக்காதே, அதைவிட அதிகம் இருந்ததே’ என்று உள்ளே மணி அடிக்க வேண்டும். எண்ணும் விரலைக் கண்காணிக்க இன்னொரு கண் வேண்டும். அதற்குத்தான் உத்தேசம்.

வாசகிக்கு என் யோசனை இதுதான். பக்கத்தை மகளிடம் இரண்டு நொடி மட்டும் காட்டி, நோட்டை வைத்து மூடிவிடுங்கள். மனதில் பட்ட எண்ணைப் பேனாவால் எழுதச் சொல்லுங்கள். பென்சில் என்றால் பின்னால் அழித்துவிடுவாள். பிறகு திறந்து, பத்துப் பத்தாக வட்டமிட்டு எண்ணட்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அவளே கணக்கிட்டு, கூடவா குறைவா என்று ஓரத்தில் குறிக்கட்டும். சில பக்கங்களுக்குப் பிறகு அந்த ஓரத்தைப் பார்த்தால் அவள் எந்தப் பக்கம் சாய்கிறாள் என்பது அவளுக்கே தெரிந்துவிடும். புத்தகம் தீர்ந்தால் தட்டில் ஒரு பிடி புளியங்கொட்டையைக் கொட்டினால் போதும். ஆசிரியர்களிடம் ஒரே வேண்டுகோள்: முதல் பெட்டிக்குச் சரியோ தவறோ போடாதீர்கள். முதல் பெட்டியில் 30 என்றும் இரண்டாவதில் 34 என்றும் எழுதிய பிள்ளை, இரண்டிலும் 34 என்று எழுதிய பிள்ளையைவிட அந்தப் பக்கத்தில் அதிகம் கற்றிருக்கிறது.